பாதி முறிந்த பலாவை வெட்டிவிடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். போன வாரம் அடித்த புயலில் வீட்டுத் தோட்டமே அலங்கோலமாகக் கிடக்கிறது. என் மாமனார் வைத்த பலா, 25 வருஷத்து மரம். இரண்டு பெரிய கிளைகளில் ஒன்று பட்டையோடு கிழித்துக்கொண்டு விழுந்துவிட்டது. நாலு வருஷத்து ஒட்டு மா, வேர் தெரியச் சாய்ந்திருக்கிறது. தென்னை இரண்டில் ஒன்றின் தலை திருகிவிட்டது. இன்னொன்றில் மட்டைகள் முறிந்து தொங்குகின்றன. முருங்கை இடுப்பளவில் முறிந்தது. எலுமிச்சையைச் சுற்றி இன்னும் தண்ணீர் நிற்கிறது. மரம் அறுக்க வந்தவர், "பலா இனிமேல் தேறாது, என்னிடமே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: அம்மா, பலாவை இப்போது கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரம்பம் வைத்த பிறகு யோசித்துப் பயனில்லை. 25 வருஷத்துப் பலாக்கட்டைக்கு எந்தக் காலத்திலும் விலை உண்டு. ஊரெங்கும் மரம் விழுந்து கிடக்கிற இந்த வாரத்தில்தான் அந்த விலை குறைவாக இருக்கும். அதனால் விற்பதே முடிவானாலும் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டிலும் ஒரு பலா ஒற்றைக் கிளையோடு நின்றது. வெட்டிவிடலாம் என்றுதான் நானே சொன்னேன். என் அம்மா விடவில்லை. மூன்றாம் வருஷம் அது அடிமரத்தில் காய்த்தது. பலாவின் குணம் அது. மாமரம்போல நுனிக் கிளையில் பூப்பதில்லை. அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும்தான் காய்க்கும். தழை போனாலும் காய்க்கிற இடம் போகவில்லை. மீதிக் கிளையில் இலை இருக்கிறவரை மரத்துக்குச் சோறு கிடைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்கவும் சொல்ல மாட்டேன். மரத்தடியில் போய் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கிளை கிழிந்த இடத்திலிருந்து வெடிப்பு அடிமரத்துக்குள் இறங்கியிருக்கிறதா? ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் தெரியும். மேலோடு நின்றால் கவலையில்லை. நடுமரம் பிளந்து மறுபக்கமும் வெடிப்பு தெரிந்தால் அந்த மரம் ஆபத்து. அடுத்து, தூரைச் சுற்றி மண் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் விரிசல் விட்டிருக்கிறதா? அப்படியானால் வேர் அறுந்திருக்கிறது. கடைசியாக, மீதமுள்ள கிளை எந்தப் பக்கம் கனக்கிறது? வீட்டுக் கூரைப் பக்கமோ கரண்ட் கம்பிப் பக்கமோ என்றால் அதன் நுனிகளைக் கால்வாசி குறைத்துப் பாரத்தை இறக்க வேண்டும். நடுமரம் பிளந்தோ வேர் அறுந்தோ வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் 'பாலூர் 1' ரக ஒட்டுக்கன்று வைக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்குத் தேவை வராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, காயத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒன்று. கிளை எதுவும் மின்கம்பியில் பட்டிருந்தால் மின்வாரியத்து ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். வளைந்து அழுந்திக் கிடக்கிற கிளையை வெட்டும்போது அது வில்போல நிமிர்ந்து அடிக்கும். அந்த வேலையைப் பழகிய ஆளிடம் விடுங்கள்.

தொங்குகிற பெரிய கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால், முடிகிற நேரத்தில் பாரம் தாங்காமல் அடிமரப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். உங்கள் பலாவுக்குப் புயல் செய்ததை நாமே இன்னொரு தடவை செய்ததாகிவிடும். அதனால் அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து கால்பங்கு ஆழம் அறுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழுந்துவிடும். பிறகு மிச்சக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் சற்றே தடித்திருக்கும் கழுத்தை ஒட்டி அறுங்கள். அந்தக் கழுத்தைச் சீவிவிடக் கூடாது, அங்கிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும். கிழிந்த பட்டையின் பிசிறுகளைக் கூரான கத்தியால் நறுக்கி, தண்ணீர் தேங்காதபடி ஓரத்தை வழவழப்பாக்குங்கள்.

காயத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் தடுக்கும் போர்டோ பசையை அன்றைக்கே தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ போதும், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்ததும் பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலந்ததை மீத்து வைக்காமல் அன்றே பூசிவிடுங்கள். காயத்தில் தார் பூசும் பழக்கமும், பொந்தில் சிமெண்ட் அடைக்கும் பழக்கமும் நம் பக்கம் உண்டு. இரண்டும் வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்று மரம் உளுத்துவிடும்.

நிழல் போன பக்கத்துப் பட்டையில் இனி வெயில் நேராக விழும். பட்டை வெடிக்காமல் இருக்க அங்கே சுண்ணாம்பு அடியுங்கள். அடுத்த ஆறு மாதமும் வாரம் ஒருமுறை அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். அடிபட்ட பலாவையும் மாவையும் தண்டுத் துளைப்பான் தேடி வரும். சின்ன ஓட்டையும் அதன் வாயில் மரத்தூளும் தெரிந்தால் கொக்கிக் கம்பியை விட்டுப் புழுவை எடுத்துவிட்டு, ஓட்டையைக் களிமண்ணால் அடையுங்கள். இந்தப் பருவத்தில் பிஞ்சு விட்டால் இரண்டு மூன்று மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மரம் தேறுவதுதான் இப்போது முக்கியம்.

உண்மையில் நீங்கள் அவசரப்பட வேண்டியது பலாவுக்கு அல்ல, அந்த ஒட்டு மாவுக்கு. நாலு வருஷத்துக் கன்று என்பதால் நிமிர்த்திவிடலாம், ஆனால் வேர் காய்வதற்குள் செய்ய வேண்டும். ஆள் வருகிறவரை வேரில் ஈரச்சாக்கைப் போட்டு மூடி வையுங்கள். வேர் எழும்பிய பக்கம் மண்ணை முதலில் தோண்டிக் குழியாக்குங்கள். தோண்டாமல் கயிறு போட்டு இழுத்தால் வேர் குழியில் உட்காராமல் மடங்கிவிடும். நசுங்கிய வேரை மட்டும் சுத்தமாக நறுக்கிவிட்டு, தழையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, மெதுவாக நிமிர்த்தி, மண்ணை மிதித்து அணையுங்கள். மூன்று பக்கமும் சவுக்குக் கழி ஊன்றி, கட்டுகிற இடத்தில் சாக்கோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றிக் கட்டுங்கள். கயிறு நேராகப் பட்டையில் பட்டால் அறுத்துவிடும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஒரு வருஷம் கழி இருக்கலாம். யூரியா எதுவும் வேண்டாம். வேர் பிடித்துப் புதுத்துளிர் வந்த பிறகு தொழு உரம் வைத்தால் போதும்.

தென்னையில் எல்லாமே குருத்துதான். தலை திருகிய மரத்தில் குருத்து ஒடிந்திருந்தால் அது பிழைக்காது. அதை வெட்டினால் கட்டையைத் தோட்டத்திலேயே போட்டுவைக்காதீர்கள். உளுக்கிற தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு மற்ற மரத்துக்கு ஏறும். இன்னொரு மரத்தில் முறிந்து தொங்குகிற மட்டைகளை மட்டும் எடுங்கள், பச்சை மட்டை ஒன்றையும் தொடாதீர்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, உள்பக்கத்து மூன்று மட்டைகளின் இடுக்கில் வையுங்கள். குருத்து மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். அப்போது அழுகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே போர்டோ பசையைத் தடவி, புதுக்குருத்து வரும்வரை மழை இறங்காமல் பாலித்தீன் கொண்டு மூட வேண்டும்.

எலுமிச்சைக்கு மருந்தை விட வடிகால் முக்கியம். இன்றே ஒரு சால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். தூரில் ஒதுங்கிய சேற்றையும் வழித்துவிடுங்கள். பிறகு தூரில் ஓர் அடி உயரத்துக்குப் பசை பூசினால் போதும்.

முருங்கைக்கு வருத்தமே வேண்டாம். முறிந்த இடத்துக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சாய்வாக வெட்டிவிட்டால் தளதளவென்று துளிர்க்கும். முறிந்து விழுந்ததில் மணிக்கட்டுக் கனத்தில் இருப்பதை மூன்றடிப் போத்துகளாக நறுக்கி, தண்ணீர் நிற்காத மேட்டில் நட்டுவிடுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுங்கள்.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் எல்லா மரத்தையும் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிலும் சொல்லி வையுங்கள்.

இரண்டு மாதத்தில் பலாவின் அடிமரமெங்கும் துளிர் கொத்துக் கொத்தாக வரும். அதைப் பார்த்ததும் கழிக்க ஆரம்பிக்காதீர்கள், ஆறு மாதம் அப்படியே விடுங்கள். அதன்பின் கிளை போன பக்கத்தில் நல்ல இடைவெளியில் இருக்கும் மூன்று நான்கு துளிரை நிறுத்திவிட்டு மற்றதை எடுங்கள். அந்த மூன்று நான்கில் ஒன்றுதான் உங்கள் பலாவின் இரண்டாவது கிளை.