எந்தப் பிளகின் வேண்டும், எது வேண்டாம்: திருகோணமலையிலிருந்து ஒரு வேர்ட்பிரஸ் கேள்வி பதில்

மே மாதம் நெருங்கினால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிக்காரர்கள் சுவருக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்குவார்கள். அதே கிழமைகளில்தான் வெப்சைட் ஞாபகமும் வரும், எனக்குக் கோலும் வரும். வேர்ட்பிரஸ் என்பது வெப்சைட் செய்ய உதவும் மென்பொருள். விடுதி, கோயில், டியூட்டரி, கடை என்று இந்த ஊர் வேர்ட்பிரஸ் தளங்களைச் செய்துகொடுத்துப் பராமரிப்பது என் தொழில். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பிளகின் பற்றியவை, அதாவது வேர்ட்பிரஸோடு கூடுதல் வேலைக்காகப் பொருத்தும் சிறு மென்பொருள்கள் பற்றியவை. ஒருவருக்குச் சொல்வது மற்றவருக்கும் உதவும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உப்புவெளியில் விடுதி நடத்தும் அக்கா: எங்கட வெப்சைட்டில 31 பிளகின் கிடக்கு. செய்து தந்த பெடியன் இப்ப வெளிநாட்டில. எதைக் கழட்டலாம், எதைத் தொடக்கூடாது?

அக்கா, எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒழுங்காக எழுதப்பட்ட இருபது பிளகின் ஒரு தளத்தைப் பெரிதாக அசைக்காது. மோசமான ஒன்று படுக்க வைத்துவிடும். ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பிளகினின் பெயருக்கு எதிரேயும் அது உங்கள் விடுதிக்கு என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாமல் பேனை நிற்கிறதா, அந்தப் பிளகினைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் எனக்கு உடனே தெரிந்தவை: கேஷ் பிளகின், அதாவது தளம் வேகமாகத் திறக்கப் பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைப்பது, இரண்டு இருக்கின்றன. ஒன்று சேமித்து வைத்த பக்கத்தை மற்றது திரும்பச் சேமிக்கும்; நீங்கள் அறை வாடகையை மாற்றினாலும் வருகிறவருக்குப் பழைய விலைதான் தெரியும். எஸ்.இ.ஓ. பிளகின்களான, அதாவது கூகுள் தேடலில் தளம் நன்றாகத் தெரிய உதவும் யோஸ்ட், ரேங்க் மேத் இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன. கூகுளுக்கு ஒரே பக்கத்தைப் பற்றி இரண்டு விவரணம் போகிறது. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் சரி. சைட்மேப்புக்கென்று (தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியல்) தனியாக ஒன்று, படங்களைத் தாமதமாக ஏற்றுவதற்கென்று ஒன்று. இந்த இரண்டு வேலையையும் 2020 ஓகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே செய்கிறது. வெப்பி (WebP) என்ற, அளவில் சிறிய வகைப் படங்களை 2021இல் வந்த 5.8 நேரடியாகவே ஏற்கத் தொடங்கிவிட்டது. பழைய பிளகின்களில் பல இப்படித்தான், வேலை போன பின்னும் கதிரையில் இருக்கும்.

ஒரு விடுதித் தளத்துக்கு நான் வைப்பது ஏழு வேலைக்கு ஏழு: பேக்கப், உள்நுழைவுப் பாதுகாப்பு, ஸ்பாம் தடுப்பு, விசாரணைப் படிவம், மெயில் அனுப்புதல், கேஷ், எஸ்.இ.ஓ. கருத்துப் பெட்டியை மூடிவிட்டால் ஸ்பாமில் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஸ்பாம் தடுக்கும் அகிஸ்மெட் என்ற பிளகின் தனிப்பட்ட தளங்களுக்குத்தான் இலவசம், வியாபாரத் தளத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கழற்றும்போது ஒரு நாளில் ஒன்று. முதலில் நிறுத்துங்கள், போனிலும் கம்பியூட்டரிலும் தளத்தைத் திறந்து பாருங்கள், அடுத்த நாள் அழியுங்கள். நிறுத்தி மட்டும் விட்டுவிட வேண்டாம். நிறுத்திய பிளகினின் ஃபைல்கள் சேர்வரில், அதாவது தளம் குடியிருக்கும் கம்பியூட்டரில், அப்படியே கிடக்கும், அதிலுள்ள ஓட்டை வழியாகவும் ஆள் உள்ளே வரலாம்.

கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நானா: ஹோஸ்டிங் கொம்பனியே பேக்கப் எடுக்குது எண்டு சொல்றாங்க. பிறகு எனக்கு ஏன் பேக்கப் பிளகின்?

நானா, இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், மன்னியுங்கள். நான் பராமரித்த ஒரு விடுதித் தளத்தில் பேக்கப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தளம் இருந்த அதே சேர்வரிலேயே சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் அந்த சேர்வர் பழுதானது. தளமும் போனது, பேக்கப்பும் போனது. ஆறு மாதப் படங்களையும் விருந்தினர் எழுதிய வார்த்தைகளையும் திரும்பக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதனால் நான் எந்தத் தளத்திலும் முதலில் போடுவது, தளம் இருக்கும் சேர்வருக்கு வெளியே பிரதியைச் சேர்க்கும் பேக்கப். அப்ட்ராஃப்ட்பிளஸ் என்ற பிளகினின் இலவசப் பதிப்பே போதும். கூகுள் ட்ரைவுக்கு நேராக அனுப்பும். இலவச கூகுள் கணக்கில் 15 ஜிபி இடம் உண்டு. டேட்டாபேஸ் (தளத்தில் எழுதியதெல்லாம் சேரும் இடம்) நாளுக்கு ஒருமுறை, ஃபைல்கள் கிழமைக்கு ஒருமுறை என்று வைத்தால் உங்கள் கடைக்குத் தாராளம்.

வைத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. இன்றைக்கே ட்ரைவைத் திறந்து பாருங்கள். டேட்டாபேஸ், பிளகின், தீம் (தளத்தின் தோற்றம்), பதிவேற்றிய படங்கள், மற்றவை என்று ஐந்து வகை இருக்க வேண்டும். டேட்டாபேஸ் ஃபைலை இறக்கி, விரித்து, நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்துத் திருத்தியில் திறவுங்கள். உங்கள் கடையின் பெயரைத் தமிழில் தேடுங்கள். தமிழாகவே தெரிந்தால் நிம்மதி. அந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றால், அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்கும் தளத்திலும் கேள்விக்குறிதான் வரும். அப்படியிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்து மறுபடி எடுக்க வேண்டும்.

மூதூர்த் தம்பி: என்ர டாஷ்போர்டில பிளகின் போட வழியே இல்லையே அண்ணா?

தம்பி, உங்களுடையது வேர்ட்பிரஸ் டொட் கொம் இலவசத் திட்டம். அதில் பிளகின் போட முடியாது. சொந்த டொமைனும் (தள முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் இடம்) எடுத்து, வேர்ட்பிரஸ் டொட் ஓர்க்கில் கிடைக்கும் மென்பொருளை நிறுவினால்தான் இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும். எழுதிப் பழகும் கட்டம் என்றால் இருக்கும் இடத்திலேயே எழுதுங்கள், அவசரம் இல்லை.

உவர்மலை ஆசிரியை: தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பு சதவீதக் குறியாக நீள்கிறது, கடைசிச் சொல்லும் அறுந்துபோகிறது. இதற்கு எந்தப் பிளகின் போட வேண்டும்?

டீச்சர், பிளகின் தேவையில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். இணைப்பில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக மாறிச் சேமிக்கப்படும். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. "திருகோணமலை" என்பதில் மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணினால் பத்துக் குறி, ஆகவே 90. "படகுப்பயணம்" பதினொரு குறி, 99. இடையில் ஒரு சிறு கோடு. மொத்தம் 190. இந்த இரண்டு சொல்லோடு பெட்டி நிறைந்துவிட்டது, மூன்றாவது சொல் வந்தால் தலையோடு அறும்.

பதிவை வெளியிடுமுன் பெர்மாலிங்க் (பதிவின் நிரந்தர இணைப்பு) பெட்டியில் கையாலேயே சுருக்கிவிடுங்கள்: ஒன்றிரண்டு தமிழ்ச் சொல், அல்லது அதையே ஆங்கில எழுத்தில். தலைப்பு முழு நீளத்தில் தமிழிலேயே இருக்கட்டும். ஏற்கனவே வெளியிட்ட பதிவின் இணைப்பை மாற்றினால் பழைய இணைப்புக்கு வருகிறவரை வேர்ட்பிரஸே புதியதற்கு அனுப்பிவிடும். ஆனால் நிலையான பக்கங்களுக்கு இது நடக்காது. அவற்றுக்கு மட்டும் ரீடைரக்‌ஷன் என்ற பிளகினைப் போடுங்கள்.

நிலாவெளியில் புறாமலைக்குப் படகு ஓட்டும் அண்ணா: படிவம் நிரப்பினோம் எண்டு வெள்ளைக்காரர் சொல்லினம். எனக்கு ஒரு மெயிலும் வாறதில்லை.

அண்ணா, சீசனில் இது நேரடியாகக் காசு இழப்பு, இன்றைக்கே பாருங்கள். படிவம் சரியாகத்தான் வேலை செய்கிறது. வேர்ட்பிரஸ் தானாக அனுப்பும் மெயிலில் அனுப்புநர் யார் என்பதற்கு உறுதியான அடையாளம் இல்லாததால் ஜிமெயில் அதை ஸ்பாமில் போடும், சிலவேளை வாங்கவே வாங்காது. டபிள்யூபி மெயில் எஸ்.எம்.டி.பி. என்ற பிளகினைப் போட்டு, ஒரு உண்மையான மெயில் கணக்கின் வழியாக அனுப்பச் செய்யுங்கள். அதிலேயே சோதனை மெயில் அனுப்பிப் பார்க்கலாம்.

இன்னொன்று. நீங்கள் வைத்திருக்கும் கொன்டாக்ட் ஃபோர்ம் 7 என்ற படிவப் பிளகின் வந்த விசாரணையைத் தளத்தில் சேமிக்காது. மெயில் தவறினால் அந்த ஆள் போன மாதிரிதான். அதே ஆசிரியர் செய்த ஃபிளமிங்கோ என்ற சிறு பிளகினைப் பக்கத்தில் போட்டால் ஒவ்வொரு விசாரணையும் தளத்தை நிர்வகிக்கும் டாஷ்போர்டிலும் நிற்கும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு மாணவர்: காசு கட்டி வாங்கும் பிளகினின் சிப் ஃபைலை நண்பன் இலவசமாகத் தந்தான். போடலாமா?

வேண்டாம் தம்பி. யார் கை வைத்தது என்று தெரியாத ஃபைலுக்குத் தளத்தின் முழுச் சாவியையும் கொடுக்கிறீர்கள். அப்டேட்டும் வராது. அதிகாரபூர்வ பிளகின் பட்டியலில் இலவசமாகவே ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

அதே மாணவர்: அவ்வளவில் நல்லதை எப்படித் தெரிவது?

நட்சத்திரத்தைக் கடைசியாகப் பார்க்கிறேன். கடைசி அப்டேட் எப்போது, உதவிப் பகுதியில் கேள்விக்கு ஆசிரியர் பதில் போடுகிறாரா, இப்போதைய வேர்ட்பிரஸ் பதிப்போடு சோதித்திருக்கிறார்களா, இந்த மூன்றும் முதலில். எத்தனை தளங்களில் ஓடுகிறது என்பது நான்காவது. அது மட்டும் காப்பாற்றாது. டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் இரண்டு இலட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் அதை எழுதியவர் வேறொருவருக்கு விற்றார், வாங்கியவர் தளங்களுக்குள் ஸ்பாம் பதிவுகளை நுழைக்கும் நிரலை உள்ளே வைத்தார். பிறகு பட்டியலிலிருந்தே தூக்கினார்கள். ஆகவே, ஆசிரியர் பெயர் மாறிய அப்டேட் வந்தால் ஒரு கணம் நின்று விசாரியுங்கள்.

நல்ல பிளகினிலும் ஓட்டை வரும். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் ஓடும் லைட்ஸ்பீட் கேஷில் 2024 ஓகஸ்டில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது. திருத்தமும் வந்தது, அப்டேட் செய்தவர் தப்பினார். வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிளகினுக்கும் தானியங்கி அப்டேட் வசதி இருக்கிறது. பேக்கப் ஓடுகிறது என்றால் பயமில்லாமல் அதைப் போட்டுவிடுங்கள்.

சாம்பல்தீவில் கருவாடு விற்கும் தங்கச்சி: ஒன்லைன் கடைக்கு வூகொமர்ஸ் போடவா?

போடுங்கள் தங்கச்சி, வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் பிளகின்தான் அது. வீட்டில் வைத்துப் பணம் வாங்குவதும் வங்கி வைப்பும் அதிலேயே உண்டு, தொடங்க அதுவே போதும். அட்டை மூலம் எடுக்க வேண்டுமென்றால் ஸ்ட்ரைப் என்ற வெளிநாட்டுக் கட்டணச் சேவை இலங்கைக் கணக்குக்குக் கிடைக்காது. பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவை தன் பிளகினை வைத்திருக்கிறது. பத்துப் பொருள் வரைக்கும் வாட்ஸ்அப் இணைப்புப் போட்ட ஒரு பக்கமே உங்களுக்கு இலேசாக இருக்கும் என்றும் நினைக்கிறேன்.

கோயில் பரிபாலன சபை ஐயா ஒருவர்: பழைய மலரிலுள்ள தல வரலாற்றை ஏற்றினால் கிறுக்கலாக வருகிறது. தமிழ் எழுத்துருப் பிளகின் ஏதும் உண்டா?

ஐயா, அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. எந்தப் பிளகினும் அதைக் கூகுளில் தேடக்கூடிய தமிழாக்காது. முதலில் யுனிகோடுக்கு (தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியாக்கம்) மாற்றி, பிறகு ஒருவர் மூலப் பிரதியை வாசிக்க மற்றவர் திரையைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களில் மாற்றும் கருவி அடிக்கடி தடுமாறும். அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பிவையுங்கள், மாற்றித் தருகிறேன். திருத்திப் பார்க்க மட்டும் பாடல்களை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவரை உட்காரச் சொல்லுங்கள்.