நிலநடுக்கத்தைத் தாங்க, பழைய சுவருக்கு ஒரு பட்டை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவையில் எங்களுடையது 9 இஞ்ச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக்கூரை. நிலநடுக்கம் வந்தால் நிற்காது, நாலு மூலையிலும் கான்கிரீட் தூண் எழுப்பவேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். அவ்வளவு பணம் இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கோவை 1900 பிப்ரவரி 8 அன்று ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கத்தைப் பார்த்த ஊர்தான், கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் தூண் இதற்கு மருந்தல்ல. நிலம் குலுங்கும்போது செங்கல் சுவர் நசுங்கி விழுவது குறைவு. முதலில் மூலை பிரியும். பிறகு ஒவ்வொரு சுவரும் தனியாக ஆடி வெளிப்பக்கம் சாயும். சுவரோடு பிணைக்காமல் மூலையில் நிறுத்திய தூண் எதையும் பிடித்துக்கொள்ளாது. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதுபோல வீட்டைச் சுற்றிக் கட்டவேண்டும்.

கதவு, ஜன்னல் லிண்டலுக்கு (திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சற்று மேலே, உள்ளும் புறமும், ஒரு அடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கில் அரை இஞ்ச் ஆழம் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்து, சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) தடவுங்கள். சிமென்ட் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்ற 1:3 கலவையில் அரை இஞ்ச் அடிப்பூச்சு. அது இறுகியதும் 10 கேஜ் தடிமன் கம்பியில், ஒரு இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலை) 6 இஞ்ச் ஆணியால் அடிக்கு ஒன்றாக அடித்து நிறுத்தவேண்டும். சுண்ணாம்புச் சாந்து உதிர்கிற இடத்தில் ஆணி நிற்காது. அங்கே சுவரைத் துளைத்து, உள் மெஷ்ஷையும் வெளி மெஷ்ஷையும் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு, துளையைக் கலவையால் அடையுங்கள். மேலே இன்னும் முக்கால் இஞ்சுக்குக் குறையாத பூச்சு. இரண்டு வாரம் தண்ணீர் விடவேண்டும்.

வெளியளவு 20க்கு 15 அடி உள்ள அறை ஒன்றுக்குக் கணக்கு: வெளிச்சுற்று 70 அடி, உள்சுற்று 64. ஒட்டுக்கு ஒரு அடி மேல்படிய வைக்கவேண்டும் என்பதால் 145 அடி பட்டை என்று வைத்துக்கொள்ளலாம். நாலடி அகல மெஷ்ஷை நீளவாக்கில் நாலாக வெட்டினால் 40 அடி நீளம் போதும். சிமென்ட் 5 மூட்டை, மணல் 17 கன அடி.

மூன்று இடத்தில் வேலை கெடுகிறது. பழைய பூச்சின் மேலேயே மெஷ்ஷை அடிப்பது ஒன்று; குலுங்கினால் பூச்சோடு சேர்ந்து பட்டையும் கழன்றுவிடும். மெஷ் துண்டுகளை மூலையில் வெட்டி முடிப்பது இன்னொன்று. மூலையைச் சுற்றி மடித்து அடுத்த சுவருக்குக் கொண்டுபோகாத பட்டை வெறும் அலங்காரம். மூன்றாவது, விலை குறைவு என்று கோழி வலையை வாங்குவது. அது பூச்சு விரிசலைத் தடுக்கும், சுவரைப் பிடிக்காது.

கையில் மிச்சம் இருந்தால் நாலு வெளி மூலையிலும் இதே மெஷ்ஷை, பக்கத்துக்கு 20 செ.மீ. வீதம், தரைமட்டத்துக்கு ஒரு அடி கீழிருந்து மேல்வரை ஏற்றுங்கள். கூரையின் கைமரங்களை, சுவரின் தலையில் கிடக்கும் மரச்சட்டத்தோடு தகட்டுப் பட்டையால் ஆணியடித்துப் பிணையுங்கள். ஓட்டுக்குக் கீழே நிற்கும் முக்கோணச் சுவர்தான் முதலில் விழும். அதை இறக்கிவிட்டு இலேசான ஷீட் அடிப்பது உத்தமம்.

கேள்வி: சென்னைக்கெல்லாம் இது தேவையா?

பதில்: நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரக்குறியீடு, 2002ல் திருத்தியபோது, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது; எண் ஏறினால் ஆபத்தும் ஏறும். அதற்கு முந்தைய செங்கல் வீடு என்றால், தேவைதான்.

கேள்வி: எங்கள் கிராமத்து வீடு கருங்கல், மண்சாந்து. சுவர் ஒன்றரை அடி தடிமன். தடித்த சுவர் பலம்தானே?

பதில்: 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நிலநடுக்கத்தில் விழுந்தவை பெரும்பாலும் தடித்த கல் சுவர்கள்தான். வெளிமுகக் கல் ஒரு வரிசை, உள்முகக் கல் ஒரு வரிசை, நடுவே ஜல்லியும் மண்ணும். இரண்டையும் கோக்கும் குறுக்குக்கல் இல்லை. குலுங்கியதும் சுவர் வயிறு தள்ளி, இரண்டாகப் பிளந்து, மண் கூரை உள்ளே இறங்கியது. உங்கள் சுவரில் மீட்டருக்கு ஒன்றாக, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் அரை மீட்டர் தள்ளித் தள்ளி, ஒரு கல்லை மெதுவாக நெம்பி எடுத்து மறுமுகம்வரை 3 இஞ்ச் துளை போடுங்கள். கடப்பாரையால் இடிக்கக் கூடாது, பக்கத்துக் கல்லும் ஆடிவிடும். 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டைத் துளையில் பாதி நிரப்பி, இரு முனையும் வளைத்த 8 மி.மீ. கம்பியை வைத்து, மீதியை அடைத்துப் பத்து நாள் நனையுங்கள். லிண்டல் பட்டை இதற்கும் உண்டு, ஆனால் குறுக்குப் பிணைப்பு முடிந்த பிறகு.

கேள்வி: அட்டைப்பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் வீட்டைப் பலப்படுத்தலாம் என்கிறார்களே?

பதில்: டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிமிரோ மெகுரோவின் குழு உருவாக்கிய முறை அது. பாலிபுரொப்பிலீன் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வலையாக்கி, சுவரின் இரு முகத்திலும் போர்த்தி, துளை வழியே கம்பியால் பிணைப்பார்கள். சுவர் விரிசல் விடுவதை அது தடுக்காது. விரிந்த சுவர் குவியலாகச் சரியாமல் பிடித்து வைக்கும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். மண் சுவருக்கு, சிமென்டும் மெஷ்ஷும் வாங்க முடியாத இடத்தில், நல்ல ஏற்பாடு. ஆனால் வெயில் பட்டால் பட்டை நொறுங்கும். மண்ணோ சிமென்டோ பூசி முழுவதும் மூடிவிடுங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தை ஆண்டுதோறும் பார்த்து அடையுங்கள்.