பத்தாம் வகுப்பில் ஆல்கஹாலும் கார்பாக்சிலிக் அமிலமும் குழம்புகிறது, மனப்பாடம் செய்தாலும் நிற்கவில்லை. எப்படிப் படிப்பது?

மீத்தேன், ஈத்தேன், புரப்பேன் என்று நோட்டு நிறைய எழுதி அலுத்துப்போனவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கடலூரில் நான் போன டியூஷனிலும் இதே கதைதான், பட்டியலை ஒப்பிக்காதவன் வாசலில் நிற்க வேண்டும். பெயரிடும் முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேதியியல் ஆசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதை இரண்டாவதாகப் படிக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் பாடம் புரிந்தது முந்திரிக்கொட்டையால். பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா முந்திரி உடைக்கப் போவார். வேகவைத்த கொட்டைதான், கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டு விரல் கருத்துத் தோல் உரிந்துவிடும். தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது. கல்லூரியில் அந்த எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம் என்று சொல்லிப் படம் போட்டார்கள். ஆறு கார்பன் வட்டமாகக் கோத்த ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு ஹைட்ராக்சில் (ஆல்கஹாலில் இருக்கும் அதே -OH), பக்கத்திலேயே ஒரு கார்பாக்சில் (கார்பாக்சிலிக் அமிலத்தின் -COOH), இன்னொரு பக்கம் 15 கார்பனுக்கு நீண்ட வால். பாடம் மொத்தமும் ஒரே மூலக்கூறில்!

வால் வெறும் ஹைட்ரோகார்பன், அதற்கும் தண்ணீருக்கும் ஆகாது, அதனால்தான் கழுவினால் போவதில்லை. கார்பாக்சில்தான் அமிலம். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகும். லேபில் எத்தனாயிக் அமிலத்தில் (அசிட்டிக் அமிலம் என்பதும் இதுதான்) சோடியம் பைகார்பனேட் போட்டால் நுரைக்கிறது, எத்தனாலில் போட்டால் சும்மா கிடக்கிறது இல்லையா, அதே சங்கதி. (சாம்பல் எண்ணெயை உறிஞ்சத்தானே என்று ஒருவர் கேட்பார். சரி, அதுவும்தான்.) நன்றாகச் சூடாக்கினால் கார்பாக்சில் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று, மிச்சம் கார்டனால் ஆகிவிடும். பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் அது போகிறது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த பருப்பைப் புதுச்சேரியில் ஒரு கடையில் 'கோவா முந்திரி' என்று அட்டை எழுதி வைத்து விற்றார்கள். கேட்டால் டூரிஸ்ட் அப்படித்தான் வாங்குவான் என்கிறார். உடைத்த அம்மாவுக்குக் கூலி கிலோ கணக்கில், அதுவும் முழுப்பருப்பு உடைந்துவிட்டால் முதலாளியின் முகம் மாறிவிடும். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

நீங்கள் மூன்று பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். புரப்பேன், மூலக்கூறு நிறை 44, கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. எத்தனால், நிறை 46, கொதிநிலை 78. ஒரே கார்பன் உள்ள கார்பாக்சிலிக் அமிலமான ஃபார்மிக் அமிலம், அதே 46, கொதிநிலை 101. எடை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒன்று வாயு, மற்ற இரண்டும் திரவம். ஹைட்ராக்சில் வந்ததும் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் (ஒன்றின் ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜன் இழுப்பது) ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, கார்பாக்சிலில் அந்தப் பிடி இன்னும் கெட்டி. இது ஏன் என்று ஒரு தடவை வரைந்து பார்த்துவிட்டால் -OH, -COOH என்ற இந்தத் தொகுதிகள் மறக்காது.

எத்தனால் போன்ற ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஆல்டிஹைடு, அப்புறம் அமிலம். எத்தனால் உடம்பில் போனால் இப்படி அசிட்டிக் அமிலமாகும். ஒரே ஒரு கார்பன் குறைந்த மெத்தனாலோ ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கெடுக்கும். 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். கார்பனை எண்ணச் சொல்லிப் பாடம் ஏன் படுத்துகிறது என்று இதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் கவனம். முந்திரியில் ஹைட்ராக்சில் நேராகப் பென்சீன் வளையத்தில் இருப்பதால் அது ஃபீனால் என்ற தனி வகை, ஆல்கஹால் இல்லை. மேல்நிலைக்குப் போனதும் என் உதாரணத்தை ஆல்கஹாலுக்கு எழுதிவைத்தால் மார்க் போய்விடும்.