பின்பக்கம் மட்டும் எயார் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள பழைய டொயோட்டா பிராடோ. இரவு நிறுத்தினால் காலையில் பின்பக்கம் படுத்துக் கிடக்கிறது. காற்றுப் பையை மாற்றுவதா, கொயில் ஸ்பிரிங் போடுவதா?

மட்டக்களப்பில் ஓடுகிற வண்டி என்றால், கொயில் போடுங்கள் என்பதுதான் என் பதில். என்னுடைய 120 மாடல் பிராடோவுக்கும் அதைத்தான் செய்தேன். ஆனால் கழற்றுவதற்கு முன் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். சில வேளை குழாய் இணைப்பில் உள்ள ஒரு சின்ன ஓ-ரிங் மட்டும் போயிருக்கும். அதற்காக யாரும் சஸ்பென்ஷனையே மாற்றத் தேவையில்லை.

சவர்க்காரத் தண்ணீரை பிரஷால் பை, குழாய், இணைப்பு எல்லாவற்றிலும் பூசினால் கசிகிற இடத்தில் நுரை கிளம்பும். அப்புறம் சேஸியை ஜாக்கில் உயர்த்தி, சரியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். (அதற்கு முன் உயரக் கட்டுப்பாட்டை ஓஃப் பண்ண வேண்டும். காற்றை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.) பையின் அடியில் ரப்பர் உள்ளே மடிந்து உருளும் இடம் அப்போதுதான் விரியும். கல்லடி, பாசிக்குடா பக்கம் கடற்கரையில் இறங்கி ஏறிய வண்டி என்றால் அந்த மடிப்பிலிருந்து மணல் கொட்டும். வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மணல்தான் ரப்பரை அரைக்கிறது. வற்றிய குளத்துச் சேறு போல அங்கே வெடிப்பு ஓடியிருந்தால் பையின் காலம் முடிந்துவிட்டது.

அதைத் தெரிந்துகொண்டும் ஓட்டினால் அடுத்து போவது பைக்குக் காற்றடிக்கும் கொம்பிரஷர். கசிகிற காற்றை ஈடுகட்ட அது ஓயாமல் ஓடும், சூடேறும், கடைசியில் எரியும். நம்முடைய மாரி காலத்து ஈரக் காற்றில் அதன் உலர்த்தியும் நனைந்து, தண்ணீர் வால்வு வரை போய்விடுகிறது. பையும் கொம்பிரஷரும் சேர்த்து மாற்றும் செலவைக் கேட்ட பிறகுதான் பெரும்பாலானோர் கொயிலுக்கு வருகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் பழைய வண்டியை விட்டுவிட்டு வேறொன்று எடுப்பதும் லேசில்லை.

பிராடோவில் வேலை சுலபம். சொக் அப்சோபர் தனியாக நிற்கிறது, பை தனியாக நிற்கிறது. இதே மாடல் கொயிலுடனும் வந்திருப்பதால் ஸ்பிரிங், மேல் கீழ் ரப்பர் இருக்கை, பம்ப் ஸ்டொப் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) எல்லாம் கிடைக்கும். ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இருக்கை இல்லாமல் உட்கார வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்' என்று கேட்கும்.

உண்மையில் யோசிக்க வேண்டியது எந்த ஸ்பிரிங் என்பதுதான். காற்று, சுமை ஏறினாலும் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். கொயில் அப்படியில்லை, சுமைக்கேற்ப தாழும். நான் படுவான்கரைக்குப் போனால் திரும்பும்போது பின்னால் நெல் மூட்டை இருக்கும், அதனால் சற்றுக் கடினமானதைப் போட்டேன். வெறும் வண்டியாக ஓட்டினால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உள்வீதிகளில் முதுகுக்கு அது தெரிகிறது, மறைக்க முடியாது. நகரத்துக்குள் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் உங்கள் வேலை என்றால் சாதாரண ஸ்பிரிங்கே போதும். கராஜில் பாஸ் (மெக்கானிக்) 'ஹெவி போடுவோம், நிற்கும்' என்று சொல்வார். தலையாட்டாதீர்கள்.

போட்ட பிறகு கொம்பிரஷரின் ரிலேயை (அதற்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) கழற்றிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் உயர சென்சர் 'தாழ்ந்திருக்கிறது' என்று சொல்லச் சொல்ல, இல்லாத பைக்கு அது காற்றடித்துக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டில் லைட் எரியலாம். பல்பைப் பிடுங்குகிறவர்களிடம் கொடுக்காமல், ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டுங்கள். பின்பக்க உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட்டையும் சரிபார்க்க வேண்டும், பின்பக்கம் தாழ்ந்திருந்தால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நான்கு சக்கரத்துக்கும் காற்று உள்ள வண்டி வேறு கதை. அக்கரைப்பற்றில் என் மச்சானிடம் லாண்ட் ரோவர் டிஸ்கவரி 3 இருக்கிறது. அதில் மணல், சேறு என்று நிலத்துக்கேற்ப வண்டியை உயர்த்துவதே காற்றுதான். கொயில் போட்டால் அது போய்விடும். கொயிலுக்குப் போகாதே, பையையே மாற்று என்றுதான் அவனிடம் சொன்னேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் எடுப்பதென்றால் கொயில் எடுக்கலாம்: ஒரே வண்டியில் இருந்து வந்த ஜோடியாக, இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பார்த்து. பழைய காற்றுப் பை மட்டும் வேண்டாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வயதாகும்.