உறைபனி இரவும் யூனிட் டெஸ்டும்: சி, சி++ கேள்வி பதில்

கோத்தகிரியில் இருந்துகொண்டு தேயிலை ஃபேக்டரிகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் சின்னச் சின்னக் கருவிகள் செய்து தருகிறேன், நிரல் முழுக்க சி, சி++ தான். யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியாக ஓட்டிச் சரிபார்ப்பது), மாக் (டெஸ்டில் நிஜப் பாகத்துக்குப் பதிலாக வைக்கும் பொய்ப் பாகம்) பற்றிக் கேட்டிருந்தவர்களுக்குப் பதில் இங்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஸ்டப், ஃபேக், மாக் மூன்றும் ஒன்றுதானே? (குன்னூர், கல்லூரி மாணவி)

இல்லைம்மா. இலை வாட்டும் தொட்டிக்கு ஃபேன் ஓட்டும் நிரல் ஒன்று எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சென்சார் இருக்கவேண்டிய இடத்தில், எத்தனை முறை கேட்டாலும் 24 டிகிரி என்று சொல்லும் ஒரு ஃபங்ஷனை வைத்தால் அது ஸ்டப். அமைப்புகளைச் சேமிக்கும் மெமரி சிப்புக்குப் பதிலாக ஒரு சாதாரண அரேயை வைத்து, எழுதினால் நிஜமாகவே எழுதி, படித்தால் திருப்பித் தருகிற மாதிரி செய்தால் ஃபேக். மாக் என்பது கணக்கு வைத்துக்கொள்ளும்: 'ஃபேனை நிறுத்து' என்று ஒரே ஒரு முறைதான் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பீர்கள், இரண்டு முறை கூப்பிட்டாலோ கூப்பிடாமல் விட்டாலோ டெஸ்ட் தோற்கும்.

டெஸ்ட் எழுத எந்த ஃபிரேம்வொர்க் (ஆயத்தமான கருவித்தொகுப்பு) நல்லது? (பலர்)

வெறும் சி என்றால் யூனிட்டி. ஒரு சி ஃபைல், இரண்டு ஹெடர், அவ்வளவுதான், சின்ன சிப்பில் கூட ஓடும். கூடவே சிமாக், உங்கள் ஹெடரைப் படித்து மாக் ஃபங்ஷன்களைத் தானே எழுதிக் கொடுக்கும். அதற்குக் கம்ப்யூட்டரில் ரூபி இருக்க வேண்டும், சிப்பில் தேவையில்லை. சி++ என்றால் கூகுள்டெஸ்ட். அதற்கான மாக் கருவியான ஜிமாக்கைத் தனியாகத் தேடாதீர்கள், 2016ல் வந்த 1.8 பதிப்பிலிருந்து இரண்டும் ஒரே பொதியில்தான் வருகின்றன. புதிய 1.17க்கு சி++17 வேண்டும், கம்பைலர் பழசு என்றால் பழைய பதிப்பே போதும். கேட்ச்2 என்ற இன்னொரு சி++ ஃபிரேம்வொர்க் எழுத இதமாக இருக்கும், ஆனால் அதில் மாக் கிடையாது.

ஜிமாக்கில் மாக் எழுதியும் நிஜ ஃபங்ஷன்தான் ஓடுகிறது. ஏன் அண்ணா? (கூடலூர்)

அக்கா என்றே கூப்பிடலாம். அடிப்படை கிளாஸில் அந்த ஃபங்ஷனுக்கு விர்ச்சுவல் (எந்த ஃபங்ஷன் என்பதை ஓடும்போது முடிவு செய்யச் சொல்லும் சொல்) போட்டீர்களா என்று பாருங்கள், பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் காரணம். பைதானில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபங்ஷனை மாற்றி வைத்துவிடலாம். சி++ல் விர்ச்சுவல் இல்லாத ஃபங்ஷனை யார் கூப்பிட்டாலும் எங்கே போக வேண்டும் என்பது ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது, மாக்கால் உள்ளே நுழைய முடியாது. விர்ச்சுவல் வேண்டாம் என்றால் எந்த கிளாஸ் என்பதைக் கம்பைல் செய்யும்போதே டெம்ப்ளேட் வழியாகக் கொடுங்கள். அடிப்படை கிளாஸின் டிஸ்ட்ரக்டருக்கும் (பொருள் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) விர்ச்சுவல் வேண்டும். 'இத்தனை முறை கூப்பிட வேண்டும்' என்பது போன்ற எதிர்பார்ப்பை எல்லாம் நிரலைக் கூப்பிடுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும், பிறகு எழுதினால் செல்லாது.

எங்களிடம் இருப்பது பழைய சி நிரல். அதில் கிளாஸே இல்லையே? (கேத்தி)

கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கர் இருக்கிறதே. டெஸ்ட் கட்டும்போது மட்டும் நிஜ சென்சார் ஃபைலை விட்டுவிட்டு, அதே ஃபங்ஷன் பெயர்களோடு நீங்கள் எழுதிய பொய் ஃபைலைச் சேருங்கள். பழைய நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்ற வேண்டுமானால் ஜிஎன்யு லிங்கரில் '--wrap' என்றொரு வசதி இருக்கிறது, ஆனால் அந்த ஃபங்ஷன் எழுதப்பட்டிருக்கும் அதே ஃபைலுக்குள்ளிருந்து கூப்பிட்டால் அது வேலை செய்யாது. இதில் மாட்டிக்கொண்டு முழு நாள் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் எல்லாம் பச்சை, ஆனால் வெளியே வைத்தால் கருவி தப்பாக ஓடுகிறது. மாக்கை நம்பலாமா? (கொடைக்கானல்)

எங்கே மாக் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

கேரட் தோட்டத்துக்கு ஒரு உறைபனிக் கருவி செய்தேன். 2 டிகிரிக்குக் கீழே போனால் தெளிப்பு பம்பைப் போட வேண்டும், 4க்கு மேலே வந்தால் நிறுத்த வேண்டும். வெப்பநிலை சென்சார் டிஎஸ்18பி20. முதலில் அர்டுயினோ உனோ என்ற சின்ன போர்டில் ஓடியது, அடுத்த வருடம் வைஃபை வேண்டுமென்று இஎஸ்பி32 சிப்புக்கு மாற்றினேன். 'வெப்பநிலை என்ன' என்ற ஃபங்ஷனையே மாக் செய்திருந்தேன்: 1.5 கொடுத்தால் பம்ப் ஓடுகிறதா, 5 கொடுத்தால் நிற்கிறதா. எல்லாம் பச்சை.

ஜனவரியில் ஒரு ராத்திரி பம்ப் சரியாகத்தான் தொடங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே போன நிமிஷம் தானாக நின்றுவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க இலை கருகிக் கிடந்தது. தோட்டக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த சென்சார் இரண்டு பைட் தரும், ஒரு எண் என்பது 0.0625 டிகிரி. -0.5 டிகிரிக்கு வரும் பைட்கள் 255, 248. இரண்டையும் சேர்த்து 'இன்ட்' (முழு எண்) மாறி ஒன்றில் போட்டிருந்தேன். உனோவில் இன்ட் 16 பிட், அதனால் அது -8 ஆனது, சரியான விடை. இஎஸ்பி32ல் இன்ட் 32 பிட், அதே பைட்கள் கழித்தல் குறி தொலைந்து 65528 ஆகி, 4095.5 டிகிரி என்று காட்டியது. 4க்கு மேல்தானே, பம்பை நிறுத்திவிட்டது. இந்தக் கணக்கு நடக்கும் இடத்தையே நான் மாக்கால் மூடிவிட்டதால் டெஸ்டில் அது ஒரு தடவைகூட ஓடவில்லை.

இப்போது டிகிரியை மாக் செய்வதில்லை, கம்பியில் வரும் பைட்டைத்தான் மாக் செய்கிறேன். சென்சாரின் டேட்டாஷீட்டிலேயே (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) ஒரு அட்டவணை இருக்கிறது, 25.0625, 0.5, 0, -0.5, -10.125 என்று, அதை அப்படியே டெஸ்டாக எழுதிவிட்டேன். 85ஐயும் சேருங்கள், கரன்ட் வந்ததும் அளக்கும் முன்பே படித்தால் சென்சார் 85 டிகிரி என்றுதான் சொல்லும், 12 பிட்டில் அளந்து முடிக்க 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். இன்ட் என்று வெறுமனே எழுதாமல் 16 பிட் என்று அளவோடு எழுதுங்கள். உங்கள் மாக் எவ்வளவு கீழே, வன்பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நிரல் டெஸ்டுக்குள் வரும்.

அரை மணி நேரம் காத்திருக்கும் நிரலை எப்படி டெஸ்ட் செய்வது? (ஊட்டி)

கடிகாரத்தையும் வெளியிலிருந்து கொடுங்கள், பொய்க் கடிகாரம் ஒரே நொடியில் அரை மணி நேரம் தாண்டும். அர்டுயினோவின் மில்லிசெகண்ட் எண்ணி சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும், அந்தத் தருணத்தையும் இதே வழியில் டெஸ்ட் செய்துவிடலாம்.

பிரைவேட் ஃபங்ஷனை டெஸ்ட் செய்ய வழி உண்டா?

உண்டு, செய்யாதீர்கள். அவ்வளவு முக்கியமென்றால் தனி ஃபைலுக்கு எடுத்து வையுங்கள்.

டெஸ்டை சிப்பிலேயே ஓட்ட வேண்டுமா, லேப்டாப்பில் போதுமா? (கோத்தகிரி)

தினமும் லேப்டாப்பில். கம்பைலரில் உள்ள அட்ரஸ் சானிடைசரைப் போட்டு ஓட்டினால் அரே எல்லை தாண்டுவது அங்கேயே பிடிபடும். ஆனால் தோட்டத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதே டெஸ்டை அதே சிப்பில் ஒரு முறையாவது ஓட்டுங்கள். நான் அதன் பிறகு சென்சாரை ஃப்ரீஸரிலும் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கிறேன்.