ஸார்பி வந்து கேமராவில் முட்டியது

கேள்வி: டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் பழைய கதையான 'தி வெப் பிளானட்'டைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் காறித் துப்புகிறார்கள். ஏன் இப்படி? நம்பிப் பார்க்கலாமா?

நான் இரண்டு கோஷ்டியிலும் இருந்தவன். முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன், மூன்றாம் பகுதியில் தூங்கியே விட்டேன். இரண்டாம் தடவை பார்த்த பிறகு, அதைக் கேலி செய்கிறவர்களோடு சண்டை போடுகிற ஆளாகிவிட்டேன். அதனால் என் பதிலில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. 1965 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிபிசி ஆறு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பிய கருப்பு வெள்ளைக் கதை இது. எழுதியவர் ஆஸ்திரேலியரான பில் ஸ்ட்ரட்டன், இயக்கியவர் ரிச்சர்ட் மார்ட்டின். காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் நாயகனான டாக்டரும் அவருடைய மூன்று துணையாட்களும் வோர்டிஸ் என்ற கிரகத்துக்கு இழுக்கப்படுகிறார்கள். அங்கே மனிதர் ஒருவரும் இல்லை. வண்ணத்துப்பூச்சி போன்ற மெனாப்ட்ராக்கள்தான் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள். ஆள் உயர எறும்புகளான ஸார்பிகள் முன்பு ஆடுமாடு மாதிரி சாதுவாகத் திரிந்தவை. அனிமஸ் என்ற ஏதோ ஒன்று வந்து ஸார்பிகளின் மனதைப் பிடித்துக்கொண்டு, மெனாப்ட்ராக்களைத் துரத்திவிட்டு, கிரகம் முழுக்க வலை பின்னிக்கொண்டிருக்கிறது. இழந்த ஊரை மீட்கிற கதை, அவ்வளவுதான்.

கேலிக்கு வருவோம். ஸார்பி என்பது முதுகில் எறும்பின் மேலோடு ஒன்றைக் கட்டிக்கொண்டு குனிந்து ஓடும் ஒரு நடிகர். கீழே இரண்டு மனிதக் கால்கள் பளிச்சென்று தெரியும். ஓரிடத்தில் ஒரு ஸார்பி வேகமாக ஓடிவந்து நேராகக் கேமராவிலேயே முட்டிக்கொள்ளும். 'டொக்' என்று சத்தம்கூடக் கேட்கும். அதை வெட்டாமல் அப்படியே ஒளிபரப்பினார்கள்! அந்தக் காலத்தில் வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை. அதனால் மேடை நாடகம் போல ஒரே ஓட்டமாக நடித்து முடிப்பார்கள். வசனம் தடுமாறினாலும் சரி, எறும்பு முட்டினாலும் சரி, மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். தொடரின் ஆரம்ப காலத்தில் ஒரு பகுதிக்கு ஒதுக்கிய பணம் சுமார் 2,500 பவுண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கிரகத்தையும் நான்கு வகைப் பூச்சிகளையும் காட்டக் கிளம்பியிருக்கிறார்கள். போதாததற்கு, வேற்றுக் காற்று மண்டலம் என்று காட்ட லென்ஸை வேறு மங்கலாக்கியிருப்பார்கள். வாஸ்லின் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலவே இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தைக் கடந்து போன அம்மா, "டிவி கெட்டுப்போச்சாடா?" என்று கேட்டார்.

ஆனால் இந்தக் கேலியெல்லாம் பின்னாளில் வந்த எங்களைப் போன்ற ரசிகர்களுடையது. அன்றைக்கு முதல் பகுதியை 1.35 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்தக் காலத்து டாக்டர் ஹூவுக்கு அது மிகப்பெரிய கூட்டம். இதே தொடரின் இயந்திர வில்லன்களான டாலெக்குகள் குழந்தைகளிடையே போட்ட போடு ஓயாத நேரம். அடுத்த டாலெக் ஸார்பிதான் என்ற நம்பிக்கை இருந்தது. அதே 1965இல் ஸ்ட்ரட்டன் இந்தக் கதையை நாவலாகவும் எழுதினார். அதற்காக எல்லோரும் ரசித்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஆறாம் பகுதிக்கு வரும்போது 20 லட்சம் பேர் கழன்றிருந்தார்கள். பிபிசி எடுக்கும் பார்வையாளர் மதிப்பீட்டில் கடைசிப் பகுதிக்குக் கிடைத்தது நூற்றுக்கு 42. ஆக, கோஷ்டிச் சண்டை இணையத்தில் பிறந்ததல்ல. அது கதையோடு கூடவே பிறந்தது.

என் கட்சி இதுதான்: வேஷத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தவறான இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். இந்தக் கதையின் உண்மையான நோய் நீளம். நான்கு பகுதியில் முடிய வேண்டியதை ஆறுக்கு இழுத்துவிட்டார்கள். நடுப் பகுதிகளில் டாக்டர் எதிரியின் கூடாரத்தில் மாட்டிக்கொண்டு, அனிமஸின் குரல் வரும், தலைக்கு மேல் தொங்கும் குழாயோடு பேரம் பேசிக்கொண்டே இருப்பார். ஸார்பிகளோ பேசாது, கீச்சுக் கீச்சென்று கத்துவதோடு சரி. பேசாத வில்லனோடு எவ்வளவு நேரம்தான் காட்சியை ஓட்டுவது?

வேஷத்துக்கு உள்ளே நடந்திருக்கும் உழைப்பு வேறு ரகம். பூச்சிகள் எப்படி நடக்கும், கையை எப்படி அசைக்கும் என்பதற்கென்றே ரோஸ்லின் டி விண்டர் என்பவரை அமர்த்தி, அவர் பெயரைத் தனியாகத் திரையில் போட்டார்கள். அவரே விரெஸ்டின் என்ற மெனாப்ட்ராவாகவும் நடித்தார். அந்தப் பூச்சிகள் மனிதப் பெயரைச் சரியாகச் சொல்லாது. டாக்டரின் துணையாட்களில் இயன் அவற்றின் வாயில் 'ஹெரான்' ஆகிறான், பார்பரா 'அர்பரா' ஆகிறாள். வேற்றுக்கிரகத்தார் எல்லோரும் லண்டன் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் தொடரில் இந்த ஒரு சின்ன வித்தியாசம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்னணி இசையையும் கவனியுங்கள். கண்ணாடித் தண்டுகளை ஈரக் கையால் தேய்த்து வாசிக்கும் கருவிகளின் இசை அது. லெ ஸ்ட்ருக்சர் சொனோர் என்ற பிரெஞ்சுக் குழு பதிவு செய்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நிஜமாகவே வேறு எங்கோ இருப்பது போலத் தோன்றும். (கண்ணைத் திறந்தால் மறுபடி கால்கள் தெரியும். அது வேறு விஷயம்.)

அப்புறம் ஆப்டராக்கள். மெனாப்ட்ரா இனத்தில் நிலத்துக்கு அடியில் ஒளிந்து, தலைமுறை தலைமுறையாக இறக்கையையே இழந்துவிட்ட கூட்டம். இவர்கள் தத்தித் தத்தித்தான் நடப்பார்கள். முதல் தடவை நான் விழுந்து விழுந்து சிரித்தது இவர்களைப் பார்த்துத்தான். இரண்டாம் தடவைதான் அவர்கள் பேச்சு காதில் விழுந்தது. எதிரே நிற்கும் சுவர் அவர்களுக்கு ஊமைச் சுவர். அதைத் துளைப்பது என்றால் அதற்கு வாய் வைப்பது. வாய் வைத்தால் சுவர் வெளிச்சம் பேசும். இருட்டிலேயே பிறந்து வளர்ந்த கூட்டம் வேறு எப்படிப் பேசும்? ஐந்தாம் பகுதியில் அவர்கள் சுரங்கம் தோண்டும்போது அமிலம் உள்ளே பீறிட்டு வரும். நெமினி என்ற ஆப்டரா பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் தலையை அந்த ஓட்டையில் கொடுத்து அடைத்துவிடுவாள். மற்றவர்கள் அவள் உடலைத் தாண்டி வேலையைத் தொடர்வார்கள். அழுகை, வீர வசனம் எதுவும் கிடையாது. குழந்தைகள் பார்க்கும் சனிக்கிழமைத் தொடரில், ரப்பர் உடை போட்ட பாத்திரத்துக்கு இப்படி ஒரு சாவு. இந்தக் காட்சியைப் பார்த்தும் கேலி செய்கிறவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம்பிப் பார்க்கலாம், ஆனால் ஒரே ராத்திரியில் ஆறையும் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்த கதை அது. நான் இரண்டாம் தடவை இரவுக்கு ஒரு பகுதியாகப் பார்த்தபோதுதான் அதோடு ஒட்ட முடிந்தது. அடுத்து வந்த 'தி குருசேட்' கதையில் நான்கில் இரண்டு பகுதிகள் தொலைந்தே போய்விட்டன. இதில் ஆறும் பத்திரமாக இருக்கின்றன. டாக்டர் ஹூவையே முதல் முறையாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இதில் தொடங்க வேண்டாம், என்னைத் திட்டுவீர்கள். மூன்றாம் பகுதியில் கண் சொருகினால் தாராளமாகத் தூங்குங்கள். ஐந்தாம் பகுதிக்கு மட்டும் எழுந்துவிடுங்கள்.