அண்டர்ரைட்டர் உண்மையில் என்ன செய்கிறார்?

"அண்டர்ரைட்டர் என்றாலே விண்ணப்பத்தை நிராகரிக்கும் ஆள்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நிராகரிப்பது சிறு பகுதிதான். காப்பீடு தரலாமா, என்ன பிரீமியத்துக்கு, எந்த நிபந்தனையோடு என்று முடிவெடுப்பதே வேலை. அந்தக் காலத்தில் லண்டனில் எட்வர்ட் லாயிடின் காபிக் கடையில் கூடியவர்கள், கப்பல் காப்பீட்டுத் தாளின் அடியில் பெயரெழுதி நஷ்டத்தில் பங்கேற்றார்கள். அண்டர்ரைட்டர், அதாவது 'அடியில் எழுதுபவர்' என்ற பெயர், இப்படி அடியில் பெயரெழுதும் வழக்கத்திலிருந்து வந்தது.

ஆயுள் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புகைப்பதில்லை என்று எழுதியிருப்பார். சிறுநீர்ப் பரிசோதனையில் கோட்டினின் தெரியும். உடல் நிகோட்டினைச் சிதைக்கும்போது உண்டாவது அது. உடனே பொய் என்று முடிவுகட்டக் கூடாது. புகைப்பழக்கத்தை விடுவதற்காக நிகோட்டின் சூயிங்கம் மெல்லுபவருக்கும் அது வரும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிரீமியத்தைப் பற்றிப் பேச வேண்டும். சர்க்கரை நோயும் அப்படித்தான்: நோயின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய 3 மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை அளவு எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று பார்க்க வேண்டும்.

எளிய விண்ணப்பங்கள் பலவற்றை இப்போது மென்பொருளே முடித்துவிடுகிறது. அப்புறம் மேசைக்கு வருவதெல்லாம் சிக்கலானவை. ஒவ்வொன்றிலும் ஏன் இந்த முடிவு என்று கோப்பில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். பல வருடம் கழித்து கிளெய்ம் வரும்போது அதைத்தான் புரட்டுவார்கள்.